நண்பர் விலை

என் நண்பன் ஒருவன் கணியம்பாடியில் கத்தி செய்கிறான். ஜீவனத்துக்கு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் உலை மூட்டுகிறான். இரண்டரை வருஷத்தில் 23 கத்திகள் தேறியிருக்கின்றன. தேறாதவை ஒரு பெயின்ட் டப்பாவில் கிடக்கின்றன, எண்ணியதில்லை. தேறியவற்றில் 16 நண்பர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. நண்பர்களிடம் என்ன விலை வாங்குவது என்பதுதான் அவனுக்குத் தீராத பிரச்னை. கொட்டகைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பான். என்னிடமும் கேட்டான். பத்து வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் நண்பர்களின் புத்தகங்களுக்கும் மற்றவர்களின் புத்தகங்களுக்கும் மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இது அந்நியமான கேள்வியாகப் படவில்லை.

கணியம்பாடி வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலையின் விளிம்பு, அமிர்திக் காடு. பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு ஒன்றிய அலுவலகமும் நாலு டீக்கடையும்தான் தெரியும். ஆனால் இங்கே கத்தி என்பது சமையலறையோடு நின்றுவிடுகிற வஸ்து இல்லை. தென்னை, கரும்பு, ஆட்டுக்குத் தழை, மலையடிவாரத்து விறகு எல்லாவற்றுக்கும் கொடுவாள் வேண்டும். அதற்கென்று பட்டறைகள் உண்டு. அந்தப் பட்டறைகளோடு போட்டி போடுகிற உத்தேசம் நண்பனுக்கு இல்லை. அவன் செய்வது சின்னக் கத்திகள். காய் நறுக்க, கறி வெட்ட, சும்மா வைத்துப் பார்க்க.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலைச் சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது.

இரும்பு, லாரியின் ஸ்பிரிங் பட்டை. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். சிலிக்கனும் மாங்கனீஸும் கலந்த எஃகு. பாரத்தில் வளைந்து, பாரம் இறங்கியதும் நிமிர்வதற்கென்றே உண்டாக்கியது. கரியுலையில் சிவக்கக் காய்ச்சி, எடைக்கு வாங்கின தண்டவாளத் துண்டின்மேல் வைத்து அடித்து நீட்டுகிறான். வடிவம் வந்த பிறகு அரமும் பெல்ட் மெஷினும். இதுவரை பொறுமை இருந்தால் யாராலும் முடியும் என்று தோன்றும். அதற்குப் பிறகு வருகிற தோய்ச்சல்தான் கத்தியைக் கத்தியாக்குகிறது. எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்துக்குப் பிடிபடாமல் போகிறது. உலையிலிருந்து எடுத்துக் காந்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். ஒட்டாமல் விலகியதும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் ஒரே முக்காக முக்குகிறான். தண்ணீரில் முக்கினால் இந்த ஜாதி எஃகு விரிசல் விடும். எண்ணெயிலும் சில சமயம் விடுகிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு முழுநாள் உழைப்பு அந்தச் சத்தத்தில் போய்விடும். அப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்ப்பது உத்தமம்.

தோய்ந்த எஃகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அதை 200 டிகிரி வாக்கில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்துக் கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கச் செய்ய வேண்டும். தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி. நீலம் ஏறினால் போயிற்று, மறுபடி அது ஸ்பிரிங்தான். கடைசியாகக் கூர் வைக்கும்போது இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. விளிம்பு காகிதமாய் மெலிந்திருக்கிற நேரம் அது. பெல்ட்டின் உராய்வில் ஒரு கணம் அதிகமாகச் சூடேறினால், கண் இமைப்பதற்குள் விளிம்பில் நீலம் ஓடிவிடும். அந்த இடத்தில் கத்தி செத்துவிட்டது. ஆனால் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் நீலம் மறைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

சென்ற வருஷம் நண்பன் ஒரு கத்திக்குக் கணக்குப் போட்டான். பட்டை 40 ரூபாய், கரி 90, இரண்டு பெல்ட் 360, பிசின் 60, பிடிக்குப் பித்தளை ஆணி 30. மொத்தம் 580. பிடிக்கு மரம் வீட்டுப் புளியமரத்தின் விழுந்த கிளை. (ஒருவர் சந்தனக் கட்டையில் பிடி வேண்டுமென்றார். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்துகொண்டு சந்தனத்துக்கு ஆசைப்படுவதன் சட்டபூர்வ விளைவுகளை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.) நேரம் 11 மணி. கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் நாளுக்கு 800, அதாவது மணிக்கு 100. ஆக, கத்தியின் விலை 1,680 ரூபாய். இதே நீளத்துக் கத்தி சாலையோரத்தில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அடித்துக் கொடுக்கிறவர் இதே பட்டையில்தான் அடிக்கிறார், ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுகிறார். நண்பனுடைய 11 மணியில் ஆறு மணி அவனுக்குத் தெரியாததற்கு ஆனது. தெரியாததற்கு யார் கூலி கொடுப்பது?

நான் உத்தியோகம் பார்க்கிற கவுன்ட்டரில் இதற்கு மிகச் சுலபமான பதில் ஒன்று நித்தியமும் சொல்லப்படுகிறது. நகைக்கடனுக்கு வருகிறவர் வங்கியைப் பொருத்தவரை கொண்டுவருவது தங்கம் மட்டுமே. கல்லைக் கழித்து, அழுக்கைக் கழித்து, நிகர எடைக்கும் மாற்றுக்கும் மதிப்பு. செய்கூலி, சேதாரம் என்று கடையில் கொடுத்த பணத்துக்கு வங்கியின் தராசில் இடமில்லை. காசுமாலையும் தங்கக் கட்டியும் ஒன்று. இந்தப் பார்வையில் நண்பனின் கத்தி 40 ரூபாய் பட்டை. இது அசிங்கமான பார்வை என்று எனக்குத் தோன்றியதில்லை, குறைந்தபட்சம் நேர்மையானது. செய்கூலியை மதிப்பிடத் தனக்குத் தெரியாது என்று வங்கி ஒப்புக்கொள்கிறது. நண்பர்கள் அப்படி ஒப்புக்கொள்வதில்லை.

நண்பர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். பெரும்பாலோர் இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் சிநேகம் அறுந்துவிடும் என்றொரு நம்பிக்கை, வாங்குகிறவர் ஒரு பென்னியைத் திருப்பிக் கொடுப்பார். இதை எங்கோ படித்துவிட்டு வந்த ஒரு நண்பர் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்துக் கத்தியை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரு ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். இலவசமாகவாவது இருந்திருக்கலாம். இன்னொரு வகை, சாமானுக்கு ஆன 580 ரூபாயை மட்டும் கொடுத்தவர்கள். ‘நமக்குள்ள லாபம் எதுக்கு’ என்று ஒருவர் சொன்னார். 11 மணி நேரம் லாபத்தில் சேர்ந்துவிட்டது. மூன்றாவது வகையில் ஒரே ஒருவர். கலைக்கு விலை ஏது என்று சொல்லி 5,000 ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். மூன்றிலும் மோசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அன்றைக்கு நண்பன் இரண்டு நாள் தூங்காமல் பிளேடில் கொடி மாதிரி சித்திரம் அரிக்க ஆரம்பித்தான். கத்தி எதை வெட்டும் என்ற யோசனை அவனை விட்டுப் போய்விட்டிருந்தது.

நண்பர்களுக்குக் கத்தி கொடுப்பதில் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார், மைக்கேல் ஃபாரடே. கொல்லர் வீட்டுப் பிள்ளை. மின்சாரத்தில் அவர் பெயர் எடுப்பதற்கு முன்னால் எஃகில் பரிசோதனைகள் செய்தார். அதற்குத் தூண்டுதல் நம் பக்கத்து மூசை எஃகு. இதை மூசையில் வைத்து உருக்கிய இடங்களில் ஒன்றான, பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரின் மூசைத் துண்டுகளைப் பற்றி ஷாரதா ஸ்ரீனிவாசன் 1994இல் எழுதினார். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘வூட்ஸ்’ என்று பெயரிட்டார்கள், கன்னட ‘உக்கு’ திரிந்தது என்பார்கள். பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகள் 1794இல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவரும் ஃபாரடேயும் சேர்ந்து எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். பின்னாளில் ஃபாரடே அந்தக் கலப்பு எஃகு ஒன்றில் செய்த சவரக் கத்திகளைச் சிநேகிதர்களுக்குப் பரிசாகக் கொடுத்து வந்தார் என்று டின்டால் எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னபோது நண்பனுக்கு ரொம்ப சந்தோஷம். பார்த்தாயா, ஃபாரடேயே சும்மாதான் கொடுத்திருக்கிறார் என்றான். ஆனால் ஃபாரடேக்கு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சவரக் கத்தியில் அவர் பெயர் ஒன்றும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஸ்டோடார்ட் கடைக்காரர். விலை போட்டே தீர வேண்டியவர், சரியில்லை என்று திரும்பி வருகிற கத்திக்குப் பதில் சொல்லியே தீர வேண்டியவர். நண்பன் யாராக இருக்க விரும்புகிறான் என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் இலக்கியச் சூழலில் இந்த இடத்தில் யாராவது கிராமத்துக் கொல்லரை அழைத்து வந்துவிடுவார்கள். விலை என்பதே நவீனத்தின் சாபம், பழைய காலத்தில் கொல்லன் கொழுவும் அரிவாளும் செய்து கொடுத்தான், களத்தில் நெல் அளந்தார்கள், பணம் என்கிற ஸ்தூல வஸ்து நடுவில் வரவில்லை என்கிற ரீதியில். வாஸ்தவம்தான். 1767இலிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டைக் கொண்டு கும்பெனி எடுத்த செங்கல்பட்டுக் கணக்கில், விளைச்சலிலிருந்து கொல்லருக்கும் தச்சருக்கும் போகிற பங்குகள் இருக்கின்றன. ஆனந்த குமாரசாமி 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி எழுதிய புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் கொல்லன் ஒரு கத்தியைச் செய்ய முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவன் மகன் வேறு வேலைக்குப் போகிறேன் என்றிருக்க முடியுமா என்றும். விலை இல்லாமல் இருந்தது சிநேகத்தினால் அல்லவே. பிறப்பினால் கட்டிப் போட்டிருந்தது. இந்தப் பழைய சண்டை முடிந்தபாடில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லர் உட்பட 18 தொழில்கள். குலத்தொழிலை நிலைநிறுத்தும் ஏற்பாடு என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை மறுத்தது. நண்பன் கொல்லர் குலம் இல்லை. பொழுதுபோக்காகக் கத்தி செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்கிற சௌகரியம் அவனுக்கு இருக்கிறது. 200 ரூபாய்க்கு அடிக்கிறவருக்கு அது இல்லை. 1,680 என்கிற எண்ணைச் சொல்ல அவன் கூசுவதில் பாதி இதனால் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சம் நியாயமானது.

போன மாசி மாதம் முதன்முறையாக ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கினார். நண்பர் இல்லை. வேலூரில் கறிக்கடை வைத்திருக்கிறவர். யாரிடமோ பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தார். நண்பன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு 1,680 என்றான். அவர் 1,600 கொடுத்தார். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தார். நான் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தேன்.

“தம்பி, எலும்புல பட்டா வாய் மடங்கிக்குது. சும்மாவா வாங்கினேன்? காசு குடுத்திருக்கேன் இல்ல? சரி பண்ணிக் குடு.”

கோபமாகச் சொல்லவில்லை. தராசில் எடை குறைந்தால் சொல்கிற மாதிரி சொன்னார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நண்பன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு உருண்டு மடிந்திருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: கூர் வைக்கும்போது அந்த இடத்தில் நீலம் ஓடியதைப் பார்த்தானாம். லேசாகத்தானே என்று உப்புத்தாளால் தேய்த்துவிட்டானாம். இது மட்டுமில்லை, முன்னாலும் சிலவற்றில் ஓடியிருக்கிறதாம்.

அடுத்த இரண்டு வாரம் அவன் செய்த காரியம்தான் என்னை இதை எழுத வைத்தது. 16 நண்பர்கள் வீட்டுக்கும் ஒரு அரத்தை எடுத்துக்கொண்டு போனான். கடினமான விளிம்பில் அரம் வழுக்கும், செத்த விளிம்பில் கடிக்கும். ஆறு கத்திகளில் கடித்தது. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அவனிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. ஒரு கத்தி கேடயங்களுக்கு நடுவே ஷோகேஸில் இருந்தது. ஒன்று கூரியர் கவர் பிரிக்கப் பயன்பட்டது. ஒன்று கொடுத்த தினசரித் தாளைப் பிரிக்காமலே பரண்மேல். 5,000 ரூபாய் கத்தி வெல்வெட் பெட்டியில். எல்லோரும் பார்க்கும்போதெல்லாம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறையும் திருப்பிக் கேட்டான், சரி செய்து தருகிறேன் என்று. ஐந்து பேர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒரு ரூபாய் கொடுத்து வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் கொடுக்க மறுத்துவிட்டார். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது என்னடா பழக்கம்?” பேச்சு வளர்ந்தது. இன்றைக்கு வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என் மேஜைக்கு வருகிற கவிதைத் தொகுதிகளைப் பற்றி இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘அன்புடன்’ என்று கையெழுத்திட்டு வருகின்றன. நண்பர்களிடமிருந்து நண்பர்களுக்கு. விலை அச்சிட்டிருக்கும், யாரும் கொடுப்பதில்லை. கவிதையில் நீலம் ஓடிய இடம் எழுதினவனுக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. மதிப்புரைகாரனும் பார்க்கிறான். ‘நம்பிக்கை தரும் வரவு’ என்று எழுதுகிறான். அந்தப் பிரயோகம் உப்புத்தாள். சும்மா கிடைத்த கத்தியை ஒருவன் எப்படிக் குறை சொல்வான்? காசு கொடுத்து வாங்கின வாசகன் வந்து ‘வாய் மடங்கிக்குது’ என்று சொல்கிற ஏற்பாடே நம்மிடம் கிடையாது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’வைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அதைத் தியாகம் என்று புகழ்ந்து முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் கறாரான ஒரு காரியம் தெரிகிறது. கையை நீட்டி விலை கேட்கிறவரிடம் எதிரில் இருப்பவன் வேண்டாம் என்று சொல்லலாம், வாங்கிப் படித்துவிட்டுத் திட்டலாம். அந்த உரிமையை அவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

இலவசமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு ஒரு கத்தி செய்து கொடுக்கிறவன் பில் போட வேண்டியதில்லை. அம்மா அடுத்த நாளே வெங்காயம் நறுக்கிவிட்டு மொட்டை என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்கிற நண்பர்கள் யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சும்மா கொடுக்கலாம்.

கறிக்கடைக்காரருடைய கத்தியின் பிடியைப் பெயர்த்து, மறுபடி தோய்த்து, விளிம்பை ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி முக்கிக் கூர் வைத்துக் கொடுத்தான். இப்போது அவர் இரண்டாவது கத்திக்குச் சொல்லியிருக்கிறார், முதுகு இன்னும் கனமாக, பிடி இன்னும் அரை அங்குலம் நீளமாக. 23 கத்திகளில் முதன்முறையாக ஒருவர் இப்படி அளவு சொல்லியிருக்கிறார். நண்பன் அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான்.

நோட்டு அவன் மனைவியினுடையது. யாருக்கு எந்தக் கத்தி, என்ன வந்தது என்று தேதி போட்டு எழுதுகிறவர் அவர்தான். “அண்ணா, ஊருக்கெல்லாம் கத்தி. எங்க வீட்டு அரிவாமனையைத் தொட்டுப் பாருங்க, வெண்ணெய்கூட அறுக்காது” என்றார். தொட்டுப் பார்த்தேன், உண்மை. விலையை அவரே முடிவு செய்திருக்கிறார். சாமானுக்கு 580. நேரத்தில் தெரிந்த வேலைக்கு உண்டான ஐந்து மணி மட்டும் கணக்கு, தெரியாத ஆறு மணி புருஷனுடைய செலவு. ஆக 1,080, சில்லறை வேண்டாமென்று 1,100. நண்பருக்கும் அதுதான், கறிக்கடைக்கும் அதுதான். கறிக்கடைக்காரருக்கு 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 5,000 கொடுத்தவர் மீதியை வாங்க மறுக்கிறார், அது தனியாக ஒரு உறையில் இருக்கிறது.

விலை தீர்மானமாகிற வரைக்கும் எனக்குக் கத்தி வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது காய் நறுக்க ஒன்று சொல்லியிருக்கிறேன். நோட்டில் என் பெயருக்கு எதிரே நண்பன் 900 என்று எழுதியிருந்தான். அதன்மேல் கோடு போட்டுப் பக்கத்தில் 1,100 என்று அவன் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. முன்பணம் 500 கொடுத்திருக்கிறேன். ஆடி கழித்துத் தருவதாகப் பேச்சு.